டிஜிட்டல் எண்டால் பூட்டு இல்லை, அண்ணைமாரே

ஞாயிற்றுக்கிழமைக் கோயில் கூட்டத்தில என்ன நடந்தது எண்டு இஞ்ச கனபேருக்குத் தெரியும். திருவிழாத் தொண்டருக்கு வேண்டின புது வோக்கிடோக்கியைப் பற்றி நான் சொன்னது ஒரே ஒரு வசனம்: "இது டிஜிட்டல்தான், ஆனால் பூட்டேல்லை." கிடைச்ச பதில், "தம்பி ஆற்ரை கதையை ஒட்டுக் கேக்கிறார்?" சபை சிரிச்சுது. நானும் சிரிச்சன், வேற என்ன செய்ய.

இப்ப ஆறுதலாச் சொல்லுறன். டிஜிட்டல் எண்டால் குரலை இலக்கமா மாத்தி அனுப்புறது. அவ்வளவுதான். மற்றவைக்கு விளங்காமல் சாவி போட்டு மறைக்கிறதுதான் பூட்டு, அது வேற. இப்பிடியான வோக்கியள் பாவிக்கிற டிஎம்ஆர் எண்ட முறை 2005 இல வந்த பொதுத் தரநிலை. அலைவரிசை தேடிக் கேக்கிற பழைய ஸ்கானரில அது 'கர்ர்' எண்டு இரையும். அதைக் கேட்டுட்டு ஒருத்தருக்கும் விளங்காது எண்டு நினைக்கிறியள். டிவி பாக்கச் செய்த யூஎஸ்பி டொங்கிளை ரேடியோ ஆக்கலாம் எண்டு 2012 அளவிலேயே கண்டுபிடிச்சிட்டாங்கள். அதோட ஒரு லப்டொப், ஒரு இலவச மென்பொருள் இருந்தால் உங்கட கதை கேக்கும். உண்டியல் காசு எத்தனை மணிக்கு எந்த ஒழுங்கையால போகுது எண்டதை இந்த வோக்கியிலதானே சொல்லப் போறியள்?

"செட்டில பிறைவசி எண்ட பூட்டுப் போட்டிருக்கு" எண்டு ஒருத்தர் இன்பொக்ஸில. அண்ணை, சில செட்டுகளில அந்தப் பேசிக் பிறைவசிக்கு மொத்தமே 255 சாவி. படலைக்குச் சணல் கயிறு கட்டின மாதிரி. உலகம் முழுக்கப் பாவிக்கிற டெட்ரா எண்ட ரேடியோ முறையிலயே ஒரு பூட்டு, 80 பிட் சாவி எண்டு சொல்லி உள்ளுக்குள்ள 32 பிட்டாக் குறைச்சிருந்தது 2023 இல வெளிச்சத்துக்கு வந்தது.

சரி, ஏஇஎஸ் 256 எண்ட பலமான பூட்டுப் போட்டால்? ஒழுங்காப் போட்டால் கதையை எடுக்கேலாது, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் நீங்கள் கதைச்சது, எவ்வளவு நேரம் கதைச்சது, எந்தத் திசையில நிண்டு கதைச்சது, ஒண்டும் மறையாது. போருக்குள்ள இருந்த வன்னிச் சனத்துக்கு இதை நான் சொல்லித்தர வேணுமே?

"கேக்கிறது சட்டப்படி சரியோ?" நல்ல கேள்வி, கூட்டத்தில ஆரும் கேக்கேல்லை. நான் கேட்டது என்ர மச்சான்ர செட்டை, அவன்ர முத்தத்தில, அவன் சொல்லித்தான். என்ர கூரையில இருக்கிற அன்டெனாக் கம்பி 1090 மெகாஹெர்ட்ஸில விமானங்கள் தங்கட இடத்தையும் உயரத்தையும் பூட்டாமல் சொல்லிக்கொண்டு போறதைப் பிடிக்க. கம்பியைக் கண்டால் எங்கட ஆக்களுக்கு வேற ஞாபகம் வரும், அது விளங்குது. விளங்காதது அந்தச் சிரிப்பு.

தொண்ணூறுகளில, போர்க்காலம், பற்றறிக்குத் தடை. அப்பா சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவில இருந்து ரேடியோவுக்கு வயர் குடுப்பார். நான் பெடலைச் சுத்தச் சுத்த பிபிசி தமிழோசை கேக்கும். கை ஓய்ஞ்சால் செய்தியும் ஓயும். வேம்புக்குக் கீழ ஒழுங்கைச் சனம் முழுக்க நிக்கும். "இன்னும் கொஞ்சம் சுத்தடா" எண்டுதான் சொன்னவை. ஒட்டுக் கேக்கிறான் எண்டு ஆரும் சொல்லேல்லை. அதில நிண்ட ஒருத்தர்தான் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில இருந்து முதல் சிரிச்சவர்.

செட்டுகளைக் கொண்டு வாங்கோ. சாவி போட்டுத் தாறன். காசு வேண்டாம்.