தொப்பி போட்ட குழந்தையும் துடித்துப்போன பண்பாடும்

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்தாயிற்று, திட்ட வேண்டியவர்கள் எல்லாம் திட்டியும் ஆயிற்று. கறுப்புத் தொப்பியும் கிழிந்த அங்கியும் போட்டுக்கொண்டு ஒரு சிறுமி கதவு கதவாகத் தட்டுகிறாள். திறந்தவர்கள் பயந்துபோனதுபோல் நடிக்கிறார்கள். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அக்டோபர் 31 அன்று மேலைநாடுகளில் கொண்டாடும் ஹாலோவீன் என்பது அவ்வளவுதான். இதற்குத்தான் "இனம் அழிவதன் அறிகுறி" என்று ஒருவர் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார். அதைப் பல நூறு பேர் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் பாதிப்பேர் அந்தப் பிள்ளையின் அம்மா யார், எங்கே வேலை பார்க்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்து அவருடைய பக்கத்துக்கே போய்த் திட்டியிருக்கிறார்கள்.

அம்மாவைத்தான். அதே வீடியோவில் அந்தச் சிறுமிக்குப் பின்னால் எலும்புக்கூடு வேடமிட்டு அப்பாவும் நடந்து வருகிறார். அவரை ஒருவர்கூடக் கண்டுகொள்ளவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு ஹாலோவீன் மீது தனிப் பிரியம் எதுவும் கிடையாது. என் வீட்டில் அதைக் கொண்டாடுவதில்லை. பாதி படிப்பதற்குள் பின்னூட்டம் எழுதக் கிளம்புபவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு குழந்தை ஒரு மாலைப்பொழுது தொப்பி போட்டுக்கொண்டதால் யாருடைய பண்பாடும் செத்துப்போகாது.

"அமெரிக்கக் குப்பை" என்று எழுதியவருக்கு: அது அமெரிக்காவுக்கே வெளியிலிருந்து போன பண்டிகை ஐயா. அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் உரியது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறிய ஐரிஷ் மக்கள்தான் அதை அங்கே பெரிதாகப் பரப்பினார்கள். சொந்த ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், போன இடத்தில் பூசணி பெரிதாகக் கிடைத்ததால் பூசணிக்கு மாறினார்கள். இன்று அந்தப் பூசணிதான் அமெரிக்க அடையாளமாம். அங்கேயும் "இது பேய் வழிபாடு, நம் பிள்ளைகளுக்கு ஆகாது" என்று அக்டோபர்தோறும் எச்சரிக்கும் கிறிஸ்தவக் குழுக்கள் இருக்கின்றன. நம் பண்பாட்டுக் காவலர்களை அவர்களோடு ஒரே அறையில் உட்கார வைத்தால் மிக நன்றாக ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸ் கதை இன்னும் வேடிக்கை. இன்றைய அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். தடை போட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர், பியூரிட்டன் என்ற கண்டிப்பான பிரிவைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். வேதத்தில் இல்லாதது, இடையில் வந்து ஒட்டிக்கொண்டது, குடித்துக் கூத்தடிக்க ஒரு சாக்கு என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். 1681இல் இங்கிலாந்து அரசின் நெருக்குதலால் அந்தச் சட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். ஆங்கிலேயரின் வீடுகளில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானிய வழக்கம். விக்டோரியா அரசியும் ஜெர்மனியிலிருந்து வந்த அவருடைய கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் ஒரு லண்டன் பத்திரிகையில் வெளியான பிறகு அது நாடெங்கும் பரவியது. அதனால் ஆங்கிலேயர்கள் ஜெர்மானியர்களாக மாறிவிட்டார்களா? பிறகு இரண்டு உலகப் போர்களில் ஜெர்மனியோடு மோதினார்கள், அதே மரத்தை வீட்டில் வைத்துக்கொண்டே.

ஜனவரி 1ஐப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ரஷ்யாவில் மகா பீட்டர் ஆணை போட்டு 1700இலிருந்து அதைப் புத்தாண்டாக்கினார். ஜப்பான் 1873இல் நாட்காட்டியையே மாற்றிக்கொண்டது. ஜப்பானியர்கள் ஜப்பானியர்களாகத்தான் இருக்கிறார்கள். இப்போது அந்தச் சிறுமியைத் திட்டிய அத்தனை பேரும் டிசம்பர் 31 நள்ளிரவில் எனக்கு வாழ்த்து அனுப்புவார்கள், பாருங்கள்.

வெளியிலிருந்து வந்தது எதுவுமே வேண்டாம் என்றால் மே 1ஐ என்ன செய்யலாம்? 1886இல் சிகாகோவில் தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள், 1889இல் பாரிஸில் கூடியவர்கள் அதை உலகத்துக்கான நாளாக அறிவித்தார்கள், 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். மகளிர் தினமான மார்ச் 8? 1910இல் கோபன்ஹேகனில் சோஷலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா ஜெட்கின் முன்வைத்த யோசனையிலிருந்து வந்தது. மிக மோசமான பின்னூட்டம் போட்ட ஒருவரின் முகப்புப் படத்தில் உயர்த்திய முஷ்டி இருக்கிறது. "அவை போராட்டத்தில் பிறந்தவை, இது வெறும் கூத்து" என்று அவர் பதில் சொல்வார். சொல்லட்டும். அப்படியென்றால் உங்கள் சிக்கல் அது அந்நியம் என்பதல்ல, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதுதான். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள். பண்பாட்டை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?

அடுத்து, "எல்லாம் வியாபாரம்" என்பவர்கள். இதை நான் மறுக்கவே இல்லை. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் 100 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். ஆனால் 1974இல் கேஎஃப்சி செய்த விளம்பரத்துக்குப் பிறகு கிறிஸ்துமஸ் என்றால் வறுத்த கோழி என்று ஆகிவிட்டது. காதலர் தினத்தில் பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுக்க வேண்டும், அதற்குப் பதில் மரியாதையாக மார்ச் 14இல் ஆண்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை வளர்த்ததும் அங்கே மிட்டாய் விற்றவர்கள்தான். அன்னையர் தினத்தைத் தொடங்கிய அன்னா ஜார்விஸைவிடவா நீங்கள் வியாபாரத்தைத் திட்டிவிடப் போகிறீர்கள்? 1908இல் அவர் தன் அம்மாவின் நினைவாக அதை நடத்தினார். 1914இல் அமெரிக்க அதிபர் வில்சன் அதை நாடு முழுமைக்குமான நாளாக அறிவித்தார். பிறகு பூக்காரர்களும் வாழ்த்து அட்டைக்காரர்களும் அதைக் கைப்பற்றிக்கொண்டதைப் பார்த்துக் கொதித்துப்போய், மிச்ச வாழ்நாளை அவர்களோடு சண்டை போட்டே கழித்தார். கடைசியில் அந்த நாளையே ரத்துசெய்யக் கையெழுத்து இயக்கம் நடத்தினார். வியாபாரத்தை எதிர்ப்பதென்றால் அப்படி எதிர்க்க வேண்டும். அவர் மோதியது நிறுவனங்களோடு. அட்டை கொடுத்த பிள்ளைகளின் அம்மாக்களைத் தேடிப்போய் வசைபாடவில்லை.

அன்னையர் தினம் என்றதும் என் பெரியப்பா நினைவுக்கு வருகிறார். மே மாதம் வந்துவிட்டால் அவருக்கு ஒரு சொற்பொழிவு உண்டு. "வெள்ளைக்காரனுக்குத்தான் அம்மாவுக்கென்று ஒரு நாள் வேண்டும். நமக்கு 365 நாளும் அன்னையர் தினம்." எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. அழகாகத்தான் பேசுவார். பேசி முடித்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே "அம்மா, தண்ணீர்" என்று குரல் கொடுப்பார். முழங்கால் வலியோடு பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார். அந்த 365 நாளில் ஒரு நாள்கூடப் பெரியப்பா எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து நான் பார்த்ததில்லை. "எங்களுக்கு எல்லா நாளும்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் அந்தக் குரல்தான் கேட்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"இன்று தொப்பி, நாளை நம் பண்டிகையே இருக்காது" என்ற அச்சத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம். மெக்சிகோவிலும் இதே அச்சம் இருந்தது. அங்கே நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களுக்கான நாள் வருகிறது. பக்கத்து நாட்டு ஹாலோவீன் அதை விழுங்கிவிடும் என்று பலர் கவலைப்பட்டார்கள். நடந்தது என்ன? 2008இல் யுனெஸ்கோ அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2015இல் வெளியான ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அந்த நாளுக்கு ஒரு மாபெரும் ஊர்வலத்தைக் கற்பனையாகக் காட்டினார்கள். மெக்சிகோ நகரம் அடுத்த ஆண்டே அப்படி ஓர் ஊர்வலத்தை நிஜமாகவே தொடங்கிவிட்டது. இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பண்டிகை அழியவில்லை. வீட்டில் இறந்தவர்களுக்குப் பூவும் படையலும் வைக்க ஆட்கள் இருக்கும்வரை எந்தப் பூசணியாலும் ஒன்றும் செய்ய முடியாது. நம்முடையது தேய்கிறது என்றால் நாம் அதைச் செய்யவில்லை என்று பொருள். தொப்பி போட்ட குழந்தை மீது அந்தப் பழியைப் போடாதீர்கள்.

ஒரு நண்பர், நியாயமானவர், தனியே எழுதிக் கேட்டார்: "பணமும் சினிமாவும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களுடைய பண்டிகைதானே உலகம் சுற்றுகிறது? இதைச் சமமான கொடுக்கல் வாங்கல் என்று எப்படிச் சொல்வாய்?" சமம் என்று நான் சொல்லவில்லை. சமம் இல்லைதான். வலுத்தவனின் கொண்டாட்டம் எளிதாகப் பரவும். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை, அவரிடமும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2023இல் நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை என்று சட்டம் வந்தபோது இதே முகநூலில் எத்தனை பட்டாசு! 2016இல் கனடா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றபோது நெஞ்சை நிமிர்த்தி எழுதாதவர் யார்? நானும் எழுதினேன், பெருமைப்பட்டேன். ஒரு வெள்ளைக்காரக் குழந்தை நம் உடையில் வந்து விளக்கேற்றினால் "பார், நம் பெருமை" என்று பகிர்கிறோம். ஐயோ, அந்தப் பிள்ளையின் அடையாளம் அழிகிறதே என்று அப்போது ஒருவரும் கண்ணீர் விடவில்லையே. நம்மிடமிருந்து போனால் பெருமை, நம்மிடம் வந்தால் படையெடுப்பா?

இப்போது அந்த எலும்புக்கூடு அப்பாவிடம் வருகிறேன். அவரை ஏன் யாரும் திட்டவில்லை? ஏனென்றால் இந்தக் கோபம் எப்போதும் இறங்கும் இடம் ஒன்றுதான். பிப்ரவரி 14 வந்தால் பூங்காவில் உட்கார்ந்த பெண்ணின் முகத்தைப் படம் பிடிக்கிறார்கள். 2017இல் பாகிஸ்தானின் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் பொது இடங்களில் காதலர் தினக் கொண்டாட்டத்துக்கே தடை போட்டது. நாடு வேறு, மதம் வேறு, மொழி வேறு. பயம் மட்டும் அச்சு அசல் ஒன்று. அலுவலகத்துக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு போகிற ஆணிடம் யாரும் பண்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. அதைச் சுமந்து திரிகிற வேலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சிந்தினால் உதையும் அவர்களுக்கே.

கடைசியாக, இது ஊருக்கு அல்ல, வீட்டுக்கு. இந்த விவகாரம் பற்றி நான் முதலில் போட்ட சிறு குறிப்பின் கீழ் என் பெரியப்பா மகன் எழுதியிருக்கிறார்: "சித்தப்பா இருந்திருந்தால் இதைப் படித்து வெட்கப்பட்டிருப்பார்." அண்ணா, என் அப்பாவை இதில் இழுக்காதீர்கள். உங்கள் சித்தப்பாதான் டிசம்பர் 31 இரவு தூங்கிப்போன எங்களைப் பன்னிரண்டு மணிக்கு எழுப்பி, ஒவ்வொருவரோடும் கை குலுக்கிப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வார். அந்தக் குடும்பத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கை கொடுத்த ஒரே ஆண் அவர்தான். நீங்கள் சிரித்தீர்கள், எனக்கு நினைவிருக்கிறது.

உங்கள் பின்னூட்டத்தை நான் நீக்கவில்லை. நீங்களே இன்னொரு முறை படித்துப் பார்த்து நீக்கினால் நல்லது. மற்றவர்களுக்கு: பண்டிகை பற்றி என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன். அந்தச் சிறுமியின் பெயரையோ அவள் அம்மாவின் படத்தையோ இங்கே போடுகிறவர்களை முன்னறிவிப்பு இல்லாமல் தடை செய்வேன். உறவு, நட்பு எதையும் பார்க்க மாட்டேன்.