‘ஃபோர்க் பண்ணிக்கோங்க’ என்ற பெரியவருக்கு

நேற்றைய கூத்தைப் பார்த்திருப்பீர்கள், பெயர் வேண்டாம். கம்பெனி கைமாறினால் அதனிடம் இருக்கும் ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் என்ன ஆகும் என்று ஒரு பையன் நியாயமாகத்தான் கேட்டான். “கோடு திறந்துதானே இருக்கு, பிடிக்கலைன்னா ஃபோர்க் பண்ணிக்கோங்க” என்று ஒரு பெரியவரின் பதில். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. கோடு என்றால் மென்பொருளின் நிரல், ஃபோர்க் என்றால் அதை நகலெடுத்து நாமே தனியாக வளர்ப்பது.

ஓப்பன்சோலாரிஸ் ஞாபகம் இருக்கிறதா? சன் கம்பெனி தன் சோலாரிஸ் இயங்குதளத்தின் நிரலை 2005-ல் அந்தப் பெயரில் திறந்துவிட்டது. 2010 ஜனவரியில் ஆரக்கிள் கம்பெனி சன்னை வாங்கி முடித்தது. அப்புறம் ஒரே மௌனம். எங்களோடு பேச ஒரு ஆளையாவது நியமியுங்கள் என்று சமூகத்தின் நிர்வாகக் குழு கெடு வைத்துப் பார்த்தது. ஆள் வரவில்லை, ஆகஸ்ட் 23 அன்று குழுவே தன்னைக் கலைத்துக்கொண்டது. அப்போதும் கோடு திறந்துதான் இருந்தது ஐயா! ஆனால் பெயர் ஆரக்கிள்காரர்களுடையது, ரிலீஸ் போடும் மெஷின் அவர்களுடையது, கோடு எழுதியவர்களில் பெரும்பாலோர் அவர்களிடம் சம்பளம் வாங்கியவர்கள்.

நான் ஓப்பன்சோலாரிஸின் 2009.06 பதிப்பைப் பழைய லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ஒரு ஃபோல்டரையே அழித்துவிட்டேன். ஃபைல் விண்டோவின் மேலே டைம் ஸ்லைடர் என்று ஒரு பட்டை இருக்கும். அதைப் பின்னால் இழுத்து, காலை பத்து மணி நிலவரத்தில் நிறுத்தினேன், ஃபோல்டர் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் அருமை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதன் மேல் ஆசை வைத்தது தப்பா?

“அதான் இல்லுமோஸ் வந்ததே” என்பீர்கள். ஓப்பன்சோலாரிஸின் ஃபோர்க் அது. வந்தது, அதே ஆகஸ்டில். ஆனால் எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் சி லைப்ரரியில் மொழி, வட்டார அமைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதியின் கோடு முதலிலிருந்தே திறக்கப்படாதது, அதை இல்லுமோஸ்காரர்கள் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ‘திறந்த’ இயங்குதளத்தின் அஸ்திவாரத்திலேயே பூட்டு! எழுதியவர்கள் சோலாரிஸிலேயே ஊறியவர்கள், என்னைப் போன்றவர்கள் இல்லை. நானும் ஒரு ராத்திரி கம்பைல் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் திரை முழுக்க எரர். மூடி வைத்துவிட்டேன். என் லட்சணம் அவ்வளவுதான், இருக்கட்டும்.

“சன் நஷ்டத்தில் இருந்தது, யார் சம்பளம் கொடுப்பது?” சரி, நஷ்டம்தான். அதற்காக ஆரக்கிள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

“சென்டோஸுக்கு ராக்கி, அல்மா வரவில்லையா?” சென்டோஸ் ஒரு இலவச லினக்ஸ், மற்ற இரண்டும் அதற்கு மாற்றாக வந்தவை. வந்தன, சந்தோஷம். 2029 வரை இருக்கும் என்று நம்பியிருந்த சென்டோஸ் 8, 2021 டிசம்பரோடு முடிந்தது. ராக்கியைத் தொடங்கியவர் சென்டோஸைத் தொடங்கியவர்களில் ஒருவர், அல்மாவுக்குப் பின்னால் ஒரு கம்பெனி. ஃபோர்க் யாரால் முடிகிறது என்று இப்போதாவது தெரிகிறதா? பயந்து கேள்வி கேட்ட பையனாலா?

பிழை கண்டுபிடித்து எழுதிப்போட்டவன், புதிதாக வந்தவனுக்கு இன்ஸ்டால் பண்ணச் சொல்லிக்கொடுத்தவன், இவர்களெல்லாம் உங்கள் கணக்கில் ஓசிக்காரர்கள்.

அந்த லேப்டாப் இன்னும் பரண் மேல்தான் இருக்கிறது. பெரியவர் வந்தால் எடுத்துத் தருகிறேன். ஃபோர்க் பண்ணட்டும். வைஃபை டிரைவரிலிருந்து ஆரம்பிக்கலாம், அது அப்போதே தகராறு.