அது விரால் இல்லை, போஃபின்

ஒரு மீனின் படத்தைப் பார்த்து, "நீளமான முதுகுத் துடுப்பு, மேலே வந்து காற்றை விழுங்குகிறது, ஆசியாவிலிருந்து வந்த விரால்தான், பிடித்தவுடன் கொன்றுவிடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. படத்தில் இருப்பது போஃபின், கிழக்கு வட அமெரிக்காவின் சொந்த மீன். காற்றைச் சுவாசிப்பது இரண்டுக்குமே பழக்கம், அதை வைத்துப் பிரிக்க முடியாது.

மீனைப் புரட்டிப் பாருங்கள். விராலுக்கு அடிப்பக்கத்துப் பின்துடுப்பு வால்வரை நீளமாக ஓடும். போஃபினுக்குக் குட்டையாக நின்றுவிடும். வயிற்றுத் துடுப்பு ஜோடி போஃபினுக்கு நடுவயிற்றில் இருக்கும், விராலுக்குச் செவுளை ஒட்டி முன்னால் இருக்கும். தாடைக்கு அடியில் விரலை வைத்தால் போஃபினுக்கு ஓர் எலும்புத் தகடு தட்டுப்படும். வாலடியில் பளிச்சென்று கரும்பொட்டு இருந்தால் ஆண் போஃபின். பெண்ணுக்கு அது மங்கல், சில சமயம் இருக்கவே இருக்காது. பொட்டைக் காணோம் என்று கத்தியை எடுத்துவிடாதீர்கள்!

2002இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கிராஃப்டன் குளத்தில் விரால் பிடிபட்ட செய்தி பெரிதானது. வெளியிலிருந்து வந்த விரால் அங்கே பரவிவிடும் என்ற பயம் நியாயம்தான், ஆனால் விரால் என்று நினைத்து அடி வாங்குவது போஃபின்.