ஒட்டினால்தான் சுவரொட்டி

(உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சுப்பையா மாமா ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸுக்குப் போஸ்டர் ஒட்டியவர். இப்போது ஒரு பசுவும் தாயைவிட அதிகம் தின்னும் ஒரு கன்றும் வைத்திருக்கிறார். மதுரையில் மருந்துக் கடையில் கணக்கு எழுதும் அவருடைய அக்காள் மகன் செந்தில், நீளமான அட்டைக் குழாய் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி திண்ணைக்கு வருகிறான்.)

மாமா: வா மாப்பிள்ளை. எப்போதிலிருந்து நாதஸ்வரம் வாசிக்கிறாய்?

செந்தில்: நாதஸ்வரம் இல்லை மாமா, பழைய சினிமா சுவரொட்டி. இணையத்தில் ஏலம் விட்டார்கள். கடைசி இரண்டு நிமிடம் எனக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கும் கடும் போட்டி. நான் விடவில்லையே! 6,500 ரூபாய்க்கு முடித்துவிட்டேன்.

மாமா: ஒரு போஸ்டருக்கா? ஒன்று ஒட்டினால் எனக்கு நாலணா கொடுப்பார்கள். அந்தக் கணக்கில் நான் 26,000 போஸ்டர் ஒட்டியிருக்க வேண்டும். சரி, எங்கே ஒட்டப் போகிறாய்?

செந்தில்: ஒட்டுவதா! வெறும் கையால் தொடவே கூடாது மாமா.

மாமா: ஒட்டினால்தான் அது சுவரொட்டி. ஒட்டாவிட்டால் வெறும் தாள்.

செந்தில்: உங்களுக்கு இதன் மதிப்பு தெரியவில்லை. 1931இல் வந்த ஹாலிவுட் 'டிராகுலா' படத்தின் போஸ்டர் ஒன்று 2017இல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. 5,25,800 டாலர்! அன்றைக்கு நம் காசில் ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம்.

மாமா: எத்தனை ஷீட்?

செந்தில்: ஒரே ஷீட். 27 அங்குலத்துக்கு 41 அங்குலம்.

மாமா: ஒற்றை ஷீட்டுக்கா இந்த ஆர்ப்பாட்டம்! நான் ஆறு ஷீட்டைச் சேர்த்து ஒரே போஸ்டராக ஒட்டியவன். ஒரு தடவை இருட்டில் ஷீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். கதாநாயகியின் தலைக்குக் கீழே வில்லனின் குதிரை. விடிந்ததும் முதலாளி அடிக்க வந்தார். ஆனால் அன்றைக்குத்தான் கொட்டகையில் உட்கார இடமில்லை. அப்படி ஒரு காட்சி படத்தில் எப்போது வரும் என்று ஜனங்கள் இடைவேளை வரைக்கும் காத்திருந்தார்கள்.

செந்தில்: மாமா, விலை ஏறுவதற்குக் காரணமே மிச்சம் இல்லாததுதான். அந்தக் காலத்தில் அங்கே படம் மாறினால் போஸ்டர் அடுத்த ஊர்க் கொட்டகைக்குப் போய்விடும். அங்கே கிழிந்தால் குப்பை. தப்பியதையும் இரண்டாம் உலகப் போரில் பழைய தாளோடு தாளாக அள்ளிக் கூழாக்கிவிட்டார்கள்.

மாமா: நம் ஊருக்கு உலகப் போரெல்லாம் தேவைப்படவில்லை, ஒரு பசு போதுமாக இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு ஒட்டிவிட்டு வருவேன். ஆறு மணிக்கு அய்யனார் கோயில் பக்கம் போனால் கதாநாயகனுக்குத் தோள் வரைக்கும்தான் இருக்கும். மைதா மாவு அல்லவா? அதற்கு அது தோசை மாதிரி. பிறகுதான் பசையில் மயில்துத்தம் கலக்க ஆரம்பித்தேன். துத்தம் விழுந்த பசையில் மாடு வாய் வைக்காது. ஓடுகிற படம் என்றால் துத்தம் தூக்கலாகப் போடுவேன். ஓடாது என்று தெரிந்தால் போடவே மாட்டேன். எனக்குக் காசு மிச்சம், மாட்டுக்குத் தீனி.

செந்தில்: (தலையில் கை வைத்துக்கொண்டு) எத்தனை கோடியை மாட்டுக்குப் போட்டீர்களோ!

மாமா: அந்த மாட்டுப் பாலைத்தான் உன் அம்மா உன் காப்பியில் ஊற்றினாள். கோடியில் ஒரு பங்கு உனக்குள்ளேயும் போயிருக்கிறது, கவலைப்படாதே.

செந்தில்: இன்னொன்று கேளுங்கள். 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்று 1927இல் ஒரு மௌனப் படம். இப்போது உலகத்தில் எங்கேயுமே அதன் பிரதி இல்லை. அந்தப் படத்தின் போஸ்டர் 2014இல் 4,78,000 டாலருக்குப் போயிற்று. கிட்டத்தட்ட 3 கோடி!

மாமா: படம் இல்லை, போஸ்டர் மட்டும் இருக்கிறது. அதுதானே? நம் கொட்டகையில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. போஸ்டர் ஒட்டியாயிற்று, படப்பெட்டி வரவில்லை. ஜனங்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்களே தவிர, ஒருவராவது 3 கோடி கொடுக்கிறேன் என்று வரவில்லை.

செந்தில்: சிரிக்காதீர்கள். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931இல் வந்தது. அதற்கும் பிரதி இல்லை. இப்போது அதன் போஸ்டர் ஒன்று கிடைத்தால்...

மாமா: ஏலத்தில் விடுவாய். விழுப்புரம் பக்கம் பங்குனி உத்திரத்துக்குக் கோயில் எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். கேட்டால் குழந்தை பிறக்கும் என்கிறார்கள். உன் போஸ்டரால் என்ன பிறக்கும்?

செந்தில்: மனத்திருப்தி.

மாமா: அதை உன் மனைவியிடம் சொன்னாயா?

செந்தில்: 650 என்று சொல்லியிருக்கிறேன். ஏல நிறுவனத்தின் தரகையும் தபால் செலவையும் அதில் சேர்க்கவில்லை.

மாமா: வாங்கியவனிடமே தரகா! மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. நீ ஊருக்கெல்லாம் தெரிய விலையை ஏற்றிவிட்டு, மனைவிக்கு மட்டும் துண்டைப் போட்டு மூடியிருக்கிறாய். நல்லது, பிரி. பார்ப்போம்.

(செந்தில் கையுறை மாட்டிக்கொண்டு குழாயிலிருந்து போஸ்டரை உருவி விரிக்கிறான். கத்தியும் கையுமாக ஒரு கதாநாயகன். நடுவே சிலுவை போல மடிப்புக் கோடுகள். நான்கு மூலையிலும் துருப் பிடித்த ஆணி ஓட்டைகள்.)

செந்தில்: பார்த்தீர்களா, அந்தக் காலத்து மடிப்பு! 'காலத்தின் தழும்புகளோடு' என்று விவரத்திலேயே போட்டிருந்தார்கள். இதைத் துணியில் ஒட்டிப் பாதுகாக்க வேண்டும். வெளிநாட்டில் அதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். பின்பக்கம் மெல்லிய ஜப்பானியத் தாள், அதற்கும் பின்னால் கித்தான் துணி.

மாமா: எதை வைத்து ஒட்டுகிறார்கள்?

செந்தில்: அதற்கென்று தனிப் பசை மாமா. பின்னால் எப்போது வேண்டுமானாலும் தண்ணீரால் நனைத்துப் பிரித்துவிடலாம். கோதுமை மாவில்...

மாமா: கோதுமை மாவில்?

செந்தில்: (குரல் இறங்கி) காய்ச்சுகிறார்கள்.

மாமா: மைதா! அடுப்படியில் பெரிய சட்டி வைத்து மைதா காய்ச்சியதற்கு உன் அத்தை என்னை என்னென்ன பேசினாள் தெரியுமா? வெளிநாட்டில் அதைச் செய்கிறவனுக்குப் பெயர் நிபுணன். நானும் அதைத்தானே செய்தேன்? துணிக்குப் பதில் பஞ்சாயத்துச் சுவர். அவ்வளவுதானே வித்தியாசம்? போகட்டும். கையுறையைக் கழற்று.

செந்தில்: ஐயோ, வேண்டாம்.

மாமா: கழற்று என்கிறேன். கண்ணை மூடு. உள்ளங்கையால் மேலிருந்து கீழே மெதுவாகத் தடவு. மடிப்பு எங்கே வருகிறது என்று சொல்.

செந்தில்: (தடவுகிறான். மறுபடியும் தடவுகிறான்.) வழவழவென்று இருக்கிறது மாமா.

மாமா: மடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. இந்தா, இந்த ஈர்க்குச்சியை அந்த ஆணி ஓட்டையில் விடு.

செந்தில்: (குச்சியால் குத்துகிறான்) போகவில்லையே.

மாமா: எப்படிப் போகும்? எங்கேயோ மடித்து வைத்திருந்த ஒரிஜினலைப் படம் பிடித்து, மடிப்பையும் ஓட்டையையும் துருவையும் சேர்த்து அச்சடித்திருக்கிறான். போன மாதத்துத் தாள் மாப்பிள்ளை. மை வாசனைகூடப் போகவில்லை.

செந்தில்: (திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறான்) ஓட்டையைக்கூடவா அச்சடிப்பார்கள்?

மாமா: நீ ஓட்டைக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தாய்? ஒரிஜினல் தாளை மாட்டிடம் காட்டினால் அதுவே சொல்லிவிடும். அந்தக் காலத்துத் தாளில் வைக்கோல் வாசம் வரும். அதற்கு இருக்கிற மூக்கு உன் ஏலக்காரனுக்குக் கிடையாது.

செந்தில்: உங்கள் பரணில் ஏதாவது இருக்குமா மாமா? அமெரிக்காவில் பெர்விக் என்று ஒரு ஊர். அங்கே ஒரு வீட்டுப் பரணில் 33 போஸ்டர் கிடைத்தது, எல்லாமே 1930களில் வந்த படங்கள். ஒன்றோடொன்று பசையில் ஒட்டி ஒரே அட்டையாகக் கிடந்ததாம். பக்குவமாகப் பிரித்து 2012இல் ஏலம் விட்டார்கள். மொத்தம் 5,03,000 டாலர்!

மாமா: ஒட்டிக்கொண்டிருந்ததா? நான் பஸ் நிலையச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது ஒரு விரற்கடை கனம் இருக்குமே! சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்தச் சுவரையே இடித்து லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். பரணில் ஒன்றும் இல்லை. இரு, உன் அத்தையின் தகரப் பெட்டிக்கு அடியில் ஒன்று விரித்த ஞாபகம்.

(உள்ளே போகிறார். பெட்டி இழுபடும் சத்தம். எட்டாக மடித்த, பழுப்பேறிய ஒரு தாளோடு வருகிறார். அந்துருண்டை வாசனை.)

செந்தில்: (பிரித்துப் பார்த்து, மூச்சு முட்ட) மாமா! மடிப்பு கைக்குத் தெரிகிறது! ஆணி ஓட்டையே இல்லை! எந்தப் படம் இது?

மாமா: மூன்றே நாள் ஓடிய படம். பெயரைச் சொல்லி அந்தக் குடும்பத்தை ஏன் மறுபடியும் அழவைக்க வேண்டும்? மூன்றாம் நாள் சாயங்காலம், தரையில் விரித்துக் கீழே 'இன்றே இப்படம் கடைசி' என்று துண்டை ஒட்டினேன். சுவருக்கு எடுத்துப் போவதற்குள் படப்பெட்டி பஸ் ஏறிவிட்டது. அப்படியே மடித்துவிட்டேன். அடியில் பச்சையாக ஒரு கறை தெரிகிறதா? மறுநாள் வந்த சாமி படத்துக்குக் காய்ச்சி வைத்திருந்த பசை. துத்தம் கொஞ்சம் தூக்கல்.

செந்தில்: ஓடாத படத்தின் போஸ்டர்தான் மாமா அரிது! வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். ஐயோ, கையெல்லாம் வியர்வை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொட வேண்டும். நீங்களும் வாருங்கள், தூசி தட்ட மெல்லிய துணி ஒன்று வேண்டும்.

(இரண்டு தாள்களையும் திண்ணையில் விரித்துவிட்டு உள்ளே போகிறார்கள்.)

மாமா: (உள்ளிருந்து) இந்த வேட்டி போதுமா?

செந்தில்: (உள்ளிருந்து) இன்னும் மெல்லியது. உங்கள் கல்யாண வேட்டி இருக்கிறதா?

மாமா: (உள்ளிருந்து) அது உனக்குத் தூளி கட்டிக் கிழிந்துபோயிற்று. இதை வைத்துத் துடை.

(செந்தில் முதலில் வெளியே வருகிறான். அப்படியே நின்றுவிடுகிறான்.)

செந்தில்: மாமா... கன்றுக்குட்டியைக் கட்டவில்லையா?

மாமா: (ஓடிவந்து) அடடா.

செந்தில்: தின்றுவிட்டது மாமா.

மாமா: ஒரிஜினல்தான் மாப்பிள்ளை, இனிச் சந்தேகமே வேண்டாம். பக்கத்தில் பார், உன் 6,500 ரூபாய்த் தாள் அப்படியே கிடக்கிறது. மூச்சுக்கூட விடவில்லை.

செந்தில்: வாயில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது! பிடுங்குங்கள்! துணியில் ஒட்டியாவது காப்பாற்றிவிடலாம்!

மாமா: பொறு, அதுவே துப்பிவிட்டது. துத்தம் கசந்திருக்கும்.

செந்தில்: எந்தப் பகுதி மிச்சம் மாமா? கதாநாயகன் முகமா?

மாமா: (ஈரத் துண்டை வேட்டியில் துடைத்து, கண்ணுக்கு அருகே பிடித்து) 'இன்றே இப்படம் கடைசி.'