மழைநீர்க் குழாய்க்கு யார் உபயம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆட்கள் நேராகக் கோயில் பக்கம் போய்விடுவார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயில், உம்கேனி ரோடு கோயில் என்று வரிசையாகப் பெயர் வரும். நியாயம்தான். ஆனால் ஒரு கட்டடத்தைக் கட்டி முடித்த பிறகு அதை எப்படிக் காப்பாற்றுவது என்று படிக்க வேண்டுமானால், நாம் போய்ப் பார்க்க வேண்டிய இடம் கிரே ஸ்ட்ரீட் ஜும்மா பள்ளிவாசல். தெருவுக்கு டாக்டர் யூசுஃப் தாதூ பெயர் வைத்து வருஷங்கள் ஆகிவிட்டன. பேச்சில் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான்.

நான் கட்டட வேலை பார்ப்பவன். டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் ஒரு சின்னக் கோயிலின் கமிட்டியிலும் இருக்கிறேன். இந்த இரண்டு இடத்திலும் நின்று பார்ப்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

முதலில் அந்தப் பள்ளிவாசலின் கதை. 1881இல் அபூபக்கர் ஆமத் ஜவேரியும் ஹாஜி முகமது தாதாவும் அந்த இடத்தை வாங்கினார்கள். இருவரும் வியாபாரிகள். விற்றவர் பெயர் கே. முனுசாமி. விலை 115 பிரிட்டிஷ் பவுண்டு. மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் நம் ஆட்களைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16ஆம் தேதி. அதிலிருந்து இருபத்தோரு வருஷம் முடிவதற்குள் ஊர் நடுவில் ஒரு முனுசாமிக்குச் சொந்தமாக மனை இருந்திருக்கிறது. அது பள்ளிவாசலாகவும் ஆகியிருக்கிறது. நம் வீடுகளில் இந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய பெயர் இது. ‘அது அவங்க இடம்’ என்று நாம் தள்ளி நின்று பேசுகிற பள்ளிவாசலின் பத்திரத்தில் முதலில் இருப்பது ஒரு தமிழ்ப் பெயர்.

மனையில் ஏற்கெனவே இருந்த சின்னச் செங்கல் கட்டடத்தில்தான் தொழுகை ஆரம்பித்தது. 1884இல் பெரிதாகக் கட்டினார்கள். 1903இல் தெருப்பக்கம் கடைகளும் வீடுகளும் கட்டத் திட்டம் போட்டார்கள். அடுத்த வருஷம் மினாராக்கள் எழுந்தன. அந்தக் காலத்து டர்பனில் அவற்றைவிட உயரமான கட்டடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1905இல் பின்பக்கம் வழிப்போக்கர் தங்க இடம், குளியலறை, கழிப்பறை. 1927இல் பெய்ன் அண்ட் பெய்ன் என்ற கட்டடக் கலைஞர்களின் வரைபடப்படி பெரிய விரிவாக்கம். 1943 வரை ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டே இருந்தது. 1970கள் வரை தென் கோளத்திலேயே மிகப் பெரிய பள்ளிவாசல் என்று இதைத்தான் சொன்னார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். கடைக்குத் திட்டம் முதலில், மினாரா அப்புறம். எனக்கு இதில்தான் விஷயமே இருக்கிறது. ஊரெல்லாம் அண்ணாந்து பார்க்கிற கோபுரத்தைக் கட்டுவதற்கு முன்னாலேயே, அதற்குப் பிற்பாடு சுண்ணாம்பு அடிக்கக் காசு எங்கிருந்து வரும் என்று யோசித்திருக்கிறார்கள். தெருவில் நின்று பார்த்தால் தரைமட்டத்தில் வரிசையாகக் கடைகள், நடைபாதைக்கு மேலே நிழல், அதற்கும் மேலே பொன்னிறத் தலையோடு மினாரா. புதிதாக வருகிறவர்கள் கடைகளைப் பார்த்துவிட்டு, பள்ளிவாசல் எங்கே என்று தேடுவார்கள். இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கிறது. வாடகை பள்ளிவாசலுக்கு, பள்ளிவாசலுக்கு வருகிற கூட்டம் கடைக்கு. வக்ஃபு என்றாலே இதுதான்: சொத்தை விற்காமல் வைத்து, அதன் வருமானத்தில் தர்மம் நடத்துவது. பக்கத்துச் சந்தான மதரஸா ஆர்கேட் 1927இல் வந்தது. அதில் ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில் இம்மானுவேல் கத்தோலிக்கத் தேவாலயத்தின் பக்கம் வெளியே வரலாம்.

உள்ளே போனால் கடைத்தெருச் சத்தம் சட்டென்று குறைந்துவிடும். காலுக்குத் தரை குளிர்ச்சியாக இருக்கும். தமிழ்நாட்டில் மேற்கே பார்த்துத் தொழுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு நிமிஷம் திசை குழம்பும். இங்கிருந்து மக்கா வடக்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து இருக்கிறது.

சரி, இப்போது நம் பக்கம். நம் கோயில்களுக்குப் புதுசாக ஒன்று கட்டப் பணம் கேட்டால் வந்துவிடும். ராஜகோபுரம், வெள்ளிக் கவசம், கிரானைட் தரை, எதற்கும் உபயதாரர் உண்டு. பெயர் பொறித்த கல் உண்டு. மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்ய யார் உபயம்? கூரைத் தகரத்தில் துருப்பிடித்த ஆணியை மாற்ற யார் உபயம்? எங்கள் கமிட்டியிலேயே இதைக் கேட்டால் எல்லாரும் பொருளாளரைப் பார்ப்பார்கள், அவர் தரையைப் பார்ப்பார். கல்யாண மண்டப வாடகை வருகிறது. அது கரண்ட் பில்லுக்கும் திருவிழாவுக்கும் சரியாகப் போய்விடுகிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் என்று நம் பெரியவர்கள் வைத்ததே ஒரு பராமரிப்புக் கணக்குதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்கு நடுவில் வருகிற மழைக்கு நாம் ஒன்றும் வைக்கவில்லை.

டர்பன் மழை லேசுப்பட்டதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை, நானூறுக்கு மேல் உயிர் போயிற்று. அதோடு கடல் காற்று. உப்பு ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டுக்குள் போனால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துரு இடம் கேட்கும். கம்பி ஊதி கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். வெளியே முதலில் தெரிவது தலைமுடி அளவு விரிசல்தான். அப்போதே பார்த்தால் சின்ன வேலை. பெயின்ட் அடித்து மூடினால் ஐந்தாறு வருஷத்தில் பாளம் பாளமாக விழும். இந்தக் கடற்கரை ஊரில் நூறு வருஷத்து மினாரா நிற்கிறது என்றால், அதன் மேல் யாரோ ஏறி ஏறிப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய சுவர், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடிப்பகுதியில் ஈரம் தெரிகிறது என்று ஒரு கான்ட்ராக்டர் வந்து இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் பூசி, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் மேலே ஏறி, சிமென்ட் பூச்சு முடிகிற கோட்டுக்கு மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. கையால் தட்டினால் டொக் டொக் என்று உள்ளே காற்று. விரலால் சுரண்டினால் செங்கல்லே மாவாக உதிர்ந்தது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்தபோது அதோடு பழைய செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஈரத்துக்குக் காரணம் என்ன தெரியுமா? மேலே மழைநீர்க் குழாயில் மாவிலை அடைத்துக்கொண்டு, தண்ணீர் சுவர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். ஏணி போட்டு ஏறி ஒரு வாளி இலையை அள்ளியிருந்தால் முடிந்திருக்கும்.

சட்டமும் இருக்கிறது. 60 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை மாகாண மரபுரிமை அமைப்பான அமாஃபாவின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. நம் கமிட்டிகள் பலவற்றில் இதைத் தொந்தரவு என்றுதான் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு விண்ணப்பம் எழுத உட்காரும்போதாவது, இந்தச் சுவர் எதனால் ஆனது, எதற்காக இதை உடைக்கிறோம் என்று யோசிக்க வேண்டி வருகிறது. இனத்துக்கு ஒரு பகுதி என்று ஊரைப் பிரித்த பழைய இனக் குடியிருப்புச் சட்டத்தில் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் நம் ஜனங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வர்த்தில் போட்டபோது எத்தனையோ தகரக் கோயில்கள் பின்னால் நின்றுபோயின. அப்படியும் தப்பித்து நிற்பதை நாமே டைல்ஸ் ஒட்டி அழிப்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

வழிபடும் இடத்தில் கடை எதற்கு, புனிதம் கெடாதா என்று சிலர் கேட்பார்கள். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் 2018 பிப்ரவரியில் கடைகளில் பிடித்த தீ வீரவசந்தராயர் மண்டபத்தையே சிதைத்ததைச் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. கல் மண்டபத்துக்குள், தூணுக்குத் தூண் ஒயர் இழுத்துக் கடை போடுவதை நான் கேட்கவில்லை. கிரே ஸ்ட்ரீட்டில் செய்ததே வேறு. கடை தெருவைப் பார்த்து நிற்கிறது, தொழுகை உள்ளே நடக்கிறது, கடைக்காரர் கடைக்காரராகவே இருக்கிறார். வருமானம் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு இடம் கட்டு, கருவறையை விட்டுவிடு.

கிரே ஸ்ட்ரீட்டிலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 1973இல் அந்த வட்டாரத்தை வியாபாரத்துக்கு மட்டும் என்று அரசாங்கம் ஒதுக்கியது. மாடி வீடுகளிலிருந்து குடும்பங்கள் போகப் போக, தெருவைத் தன் வாசலாக நினைத்தவர்களும் போய்விட்டார்கள். இன்றைக்குச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களின் பால்கனிகளில் ஆலங்கன்று முளைத்து நிற்கிறது. தெரு கெட்டால் வாடகை குறையும், வாடகை குறைந்தால் பள்ளிவாசலின் ஏணி வேலையும் குறையும். அதனால் காஸ்பா என்று நாங்கள் சொல்கிற இந்தக் கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்தின் சாக்கடையும் குப்பையும் விளக்கும் நகராட்சி செய்து தர வேண்டிய மரபுரிமை வேலைதான். அதைக் கேட்கும் குரலில் தமிழ்க் குரலும் இருக்க வேண்டும். முனுசாமி விற்ற மனை அது.

எங்கள் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போவது ஒரே ஒரு தீர்மானம்: மண்டப வாடகையில் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட வேண்டும், கூரை, வடிகால், சுவர் தவிர வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது. அதோடு இன்னொரு தேவையும் இருக்கிறது. இங்கே சுண்ணாம்புச் சாந்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. காரைக்குடி பக்கம் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சாந்து அரைக்கிற கைவேலைக்காரர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால், டர்பன் வந்து நம் பையன்கள் நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.