மைக்கேலாஞ்சலோ வரைந்த கால்விரல்

பழைய கோட்டோவியக் கண்காட்சிக்குப் போய் வருபவர்கள் சொல்லும் முதல் புகார், "உள்ளே ஒரே இருட்டு." வேறு வழி இல்லை. வெளிச்சம் பட்டால் காகிதம் பழுக்கும், மை வெளிறும். அதனால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் விளக்கு போடுவார்கள். சில மாதம் சுவரில், அப்புறம் சில வருடம் பெட்டிக்குள். எனக்கு அந்த இருட்டு பிடிக்கும். கண் பழக இரண்டு நிமிடம் நின்றுதானே ஆகவேண்டும்!

என் புகாரெல்லாம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டை மேல்தான். பெயர், ஆண்டு, "இன்ன ஓவியத்துக்கான முன்வரைவு". அவ்வளவுதான். முன்வரைவு என்று படித்ததும், ஏதோ அரைவேக்காடு என்று ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நகர்ந்தேன்.

என்னை நிறுத்தியது ஒரு கால்விரல். வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலய விதானத்தில் லிபிய நாட்டுக் குறிசொல்லி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்காக 1510 வாக்கில் மைக்கேலாஞ்சலோ செங்காவிக் கட்டியால் வரைந்த தாள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கியே பார்க்கலாம். வரையப் போவது பெண்ணை, தாளில் இருப்பதோ ஆணின் முதுகு. சதை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். கொஞ்சம் கீழே இறங்குங்கள். முகத்தை ஓரமாக இன்னொரு தடவை போட்டிருக்கிறார். கால்விரல்களையும் விடவில்லை, மறுபடி மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். அவள் திரும்பும் திருப்பத்தின் பாரம் முழுக்க அந்த விரல்களில்தான் இறங்குகிறது. விரல் பிசகினால் உடம்பே அந்தரத்தில் தொங்கும்.

நிலக்காட்சிக்கும் இதே கதைதான். ஃப்ளாரன்ஸ் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கும் லியனார்தோ டா வின்சியின் பேனா வரைவில் பனிமய மாதா நாள், 1473 ஆகஸ்ட் 5 என்று அவரே கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுதியிருக்கிறார். வயது 21. மரம் என்று நாம் நினைப்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால் இலையே கிடையாது, வெறும் சரசரவென்ற கீறல்கள். காற்று அடிக்கிறதா, கை அவசரப்பட்டதா, பிரிக்க முடியவில்லை.

மைக்கேலாஞ்சலோ தான் பட்ட பாடு வெளியே தெரியக்கூடாது என்று, சாவதற்கு முன் ஏகப்பட்ட வரைவுகளை எரித்துவிட்டதாக அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வசாரி சொல்கிறார். தீயில் போகாமல் தப்பிய தாளுக்குப் பக்கத்தில், "கீழே கால்விரலைப் பாருங்கள்" என்று ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?