விதி இருக்கிறது, வலிக்கும் இடம் வேறு
உதவித்தொகை பெறும் கல்லூரி விளையாட்டு வீரர்கள் வகுப்பில் பெயருக்குத் தலைகாட்டினால் போதும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதி உண்மைகூட இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவு (மிக உயர்ந்த போட்டி நிலை) விதிப்படி, பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் 40 சதவீதத்தை மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதும், 60 சதவீதத்தை நான்காம் ஆண்டு தொடங்கும்போதும் முடித்திருக்க வேண்டும். தவறினால் களமிறங்க முடியாது. கெடுதல் நேர்வதே இங்கேதான். அந்த 40 சதவீதம் தேர்ந்தெடுத்த பட்டத்துக்குரிய பாடங்களாகவே இருக்க வேண்டும் என்பதால், இடையில் துறை மாற நினைப்பவர் விளையாட்டையே பணயம் வைக்கிறார். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த நீச்சல் வீராங்கனைக்கு வேதியியல் மீது கொள்ளை ஆசை. ஆய்வக வகுப்பு பிற்பகலில், பயிற்சியும் அதே நேரத்தில். ஈரத்தலை உலராமலே வந்து உட்கார்ந்து கணக்குப் போடுவாள். கடைசியில் ஆலோசகர் சொன்ன, ஆய்வகமே இல்லாத ஒரு துறைக்குப் போய்விட்டாள். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், 'வாரத்துக்கு 20 மணி நேரம்தானே பயிற்சி' என்கிறார். போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் அந்தக் கணக்கில் 3 மணி நேரம்தான். பயண நேரம் சேரவே சேராது. ஏமாற்று நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகளாக நடந்த போலி வகுப்புகளில் 3,100 மாணவர்களுக்கு மேல் சேர்ந்திருந்தது 2014 விசாரணை அறிக்கையில் வெளியானது. ஏறத்தாழப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். அந்த வகுப்புகளை நடத்தியவர்கள் பல்கலைக்கழக ஊழியர்கள். பழியை மட்டும் ஏன் மாணவர்கள் தலையில் கட்டுகிறார் கட்டுரையாளர்?